அரேமாக்கியின் இரண்டு கோல்கள்

அந்தச் சனிக்கிழமை காலை தெகூரா தன் கணவரின் வலது கால் கட்டைவிரல் நகத்தை வெட்டிவிட்டாள். தமருவாவுக்கு அறுபத்துநான்கு வயது. அவ்வளவு தூரம் குனிய அவரால் இப்போதெல்லாம் முடிவதில்லை. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து காலைத் தூக்கி அவள் மடியில் வைத்திருந்தார். அந்த நகம் இருபது வயதிலேயே கறுத்துப்போனது. மரப்பட்டை மாதிரி தடித்திருந்தது. நகவெட்டி அதற்குப் போதாது, கத்தரிக்கோல்தான் வேண்டும்.

"மெதுவா. நாட்டுக்காக ஆடின நகம் அது."

"நாடு எங்க ஜெயிச்சுது?"

"ஜெயிக்கிறவன் நகம் கறுக்காது. மிதி வாங்கினவனுக்குத்தான் கறுக்கும். ஏய், சதை, சதை!"

"ஆட்டாதேன்னா ஆட்டாதே."

வெட்டி முடித்ததும் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இன்னும் ரெண்டு மாசத்துக்குக் கவலையில்லை என்றார். வறுத்த தாரோக்கிழங்கில் நாலு துண்டை நின்றபடியே தின்றுவிட்டு, நோட்டுப் புத்தகத்தையும் இரண்டு பென்சிலையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பதினேழு வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் அன்று. அவரை யாரும் வரச்சொல்லவில்லை. ஆனால் ரரோதோங்காத் தீவில் எங்கே பந்து உருண்டாலும் அதை எழுதிவைக்க அவர் போவார்.

இடைவேளையில் பயிற்சியாளர் முதல் கோலை அடித்தது யாரென்று கேட்க அவரிடம் வந்தாராம். தமருவா எல்லைக்கோட்டுக்குப் பக்கத்து பெஞ்சில், சுவரில் தலை சாய்த்து, கண் மூடி இருந்திருக்கிறார். தூங்கட்டும் என்று பயிற்சியாளர் விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் பாதி முழுக்க அப்படியே நடந்து முடிந்தது. பிறகுதான் ஒருவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். நோட்டில் முதல் பாதி மட்டும் இருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதிக்குக் குறிப்பு எதுவும் இல்லை.

தமருவாவை அரோராங்கி ஊரில் அவர்கள் வீட்டு முற்றத்திலேயே புதைத்தார்கள். அங்கே தகரக் கூரையின் கீழே ஏற்கெனவே ஒரு சின்னக் கல்லறை இருந்தது, நீலக் குளியலறை ஓடு பதித்தது. எட்டு நாள் உயிரோடிருந்த அவர்களுடைய முதல் பையன். அது முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அதன் பக்கத்திலேயே அப்பாவுக்கும் இடம் வெட்டினார்கள். தெகூரா தன் கையால் தைத்த பூப்போர்வையில் அவரைச் சுற்றினார்கள். பாதிரியார் ஜெபித்தார், பெண்கள் பாடினார்கள். தெகூரா ஓலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தமருவாவின் பெரியப்பா துவாகேயு தடியை ஊன்றி எழுந்தார். எண்பத்தெட்டு வயது. இந்தக் குடும்பத்தில் யார் செத்தாலும் அந்தச் சாவை ஞாபகம் வைக்கிற மாதிரி உயிரோடிருக்கும் ஒருவருக்குப் புதுப்பேர் கொடுப்பது அவர் வேலை. ஆக்லாந்திலிருந்து வந்திருந்த தெகூராவின் மகள் இனாவின் மடியில் இரண்டு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னையிலேர்ந்து இந்தப் பொண்ணு பேரு நோஓவாங்கா," என்றார். உட்காரும் இடம் என்று அர்த்தம்.

இனா நிமிர்ந்தாள். "பெரிய தாத்தா, அவ அங்க பள்ளிக்கூடம் போகணும். பெஞ்சுன்னா கூப்பிடுவாங்க?"

"அங்க யாருக்குப் புரியப்போகுது?"

"எனக்குப் புரியுமே!"

"எங்கப்பா செத்தப்போ மருந்து கொண்டுவரவேண்டிய கப்பல் வரல. என் தம்பிக்கு 'கப்பல் வரல'ன்னு பேரு வச்சாங்க. எழுபது வருஷம் அந்தப் பேரோட வாழ்ந்து, கல்யாணம் பண்ணி, ஒம்போது பிள்ளை பெத்தான். ஒரு பெஞ்சுல என்ன குறைஞ்சுபோச்சு? உங்கப்பன் கழிப்பறையில சாகலையேன்னு சந்தோஷப்படு."

எல்லோரும் சிரித்தார்கள். இனாவும் அழுதுகொண்டே சிரித்தாள். தமருவாவின் தம்பி பயேரே மட்டும் அந்த நேரம் வெளியே போய் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் மகள் திரும்பிப் போனாள். வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு குளிர்பெட்டி நிறைய இருந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த தாரோக்கீரையைத் தெகூரா ஒன்பது நாள் தின்றாள். தொண்டையில் இறங்கியது, அவ்வளவுதான். துணி துவைத்தாள். கல்லறைக் கூரையின் தூண்களுக்கு இடையே கட்டிய கயிற்றில் எப்போதும்போல் காயப்போட்டாள்.

ஐந்தாவது வாரம் பந்தாட்ட அலுவலகத்திலிருந்து கிமியோரா வந்தாள். முப்பது வயதுக்காரி. அலுவலகத்தில் எல்லா வேலையும் அவள்தான் பார்க்கிறாள். ஒரு பை நிறைய சூடான டோனட்டும் ஒரு படிவமும் கொண்டுவந்திருந்தாள்.

"அம்மா, மேலிடத்துல ஒரு புத்தகம் போடுறாங்க. எல்லாத் தீவு நாடுகளோட பந்தாட்டச் சரித்திரமும் அதுல வருது. எத்தனை ஆட்டம், யார் ஜெயிச்சாங்க, யார் எத்தனை கோல். நம்ம நாட்டுக்கு அதெல்லாம் ஒரே இடத்துலதான் இருக்கு." வாசலுக்குள் எட்டிப் பார்த்தாள். "அவரோட நோட்டுல."

மொத்தம் பதினோரு நோட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுவது போன்றவை. நாட்டின் அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் அவற்றில் இருந்தது. நடுவர்களின் துண்டுச்சீட்டு, பழைய செய்தித்தாள், ஆடியவர்களின் ஞாபகம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து எழுதியவர் தமருவா. தோற்ற ஆட்டங்களின் பக்கங்கள்தான் அதிகம். பதினேழு கோல் வாங்கினதை எதுக்குய்யா எழுதி வைக்கிற என்று சந்தையில் ஒருவர் கேட்டபோது, பதினெட்டு வாங்கலைன்னு காட்டத்தான் என்று சொன்னவர். தெகூரா அந்த நோட்டுகளை ஒரு நாளும் திறந்ததில்லை. அது அவருடைய இடம். இப்போது அவளே அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

கிமியோரா பதினோராவது நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள். கோல் அடித்தவர்கள் எல்லோருடைய பெயரும் வரிசையாக அங்கே இருந்தது.

"அஞ்சும் அதுக்கு மேலயும் அடிச்சவங்க பேருதான் புத்தகத்துல வரும். நம்ம ஆளுங்க நாலே பேரு. பாதிப் பக்கம் காலியாத்தான் கிடக்கும்." விரலை வரிசையில் கீழே இறக்கிக்கொண்டே போனாள். "இன்னொரு கூத்து என்னன்னா, நம்மள்ல ஒரே ஆளு சாவுக்கு சாவு பேரு மாத்திப்பான் பாருங்க, மேலிடத்துல அது தனித்தனி ஆளா ஏறியிருக்கு. போன வாரம் மூணு பேரை ஒரே ஆளாக்கினேன். இத்தனை பேரெல்லாம் நமக்கு ஆடவே இல்லம்மா. பேருங்கதான் ஆடியிருக்கு."

தெகூரா அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமருவா போக்கினோ, மூன்று. அதற்குக் கொஞ்சம் மேலே பயேரே போக்கினோ, நான்கு. வெகு கீழே, கடைசியிலிருந்து மூன்றாவது வரியில், அரேமாக்கி போக்கினோ, இரண்டு.

"இது யாரும்மா? அரேமாக்கி? ஆஸ்பத்திரின்னு பேரு."

 முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பெயரைத் தெகூரா முன்னால் யாரும் சொன்னதில்லை. குழந்தையைப் புதைத்த நாளில் அவள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தமருவாவின் அத்தை வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, இன்னைக்குத் தமருவாவுக்குப் பேரு குடுக்கிறோம், அரேமாக்கின்னு, என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை அங்கே செத்ததால் அந்தப் பெயர். அப்பாவுக்குப் போவதுதான் முறை. காய்ச்சல் விட்டதும் தெகூராவின் அம்மா வந்து அவளை விமானத்தில் மங்காயாத் தீவுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பிவந்தபோது எல்லோரும் அவரைத் தமருவா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்காக மாற்றிக்கொண்டார்கள் என்று நினைத்தாள். அவளும் கேட்கவில்லை.

"அது அவர்தான்," என்றாள் தெகூரா. "என் வீட்டுக்காரர்."

கிமியோராவின் விரல் மேலே போய்க் கீழே வந்தது. மூன்றும் இரண்டும். அவள் முகம் மலர்ந்தது. "அம்மா! அப்போ அவர் அஞ்சாவது ஆளு!"

"சேர்த்துடலாமா?"

"இறந்தவங்களுக்குன்னா ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு அவரோட ரத்த சொந்தம் ஒருத்தருது. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்." கிளம்பும்போது வாசலில் நின்றாள். "எல்லார் பேரையும் எழுதினவரு. அவர் பேரு இல்லாம அந்தப் புத்தகம் வர்றது எனக்கு நெஞ்சுக்குள்ள அறுத்துக்கிட்டே இருந்துதும்மா."

அவள் போன பிறகு தெகூரா அந்த இரண்டு வரிகளையும் மறுபடி பார்த்தாள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அவர் பெயர் அச்சில் வரவேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை தீவை இடமாகச் சுற்றும் பேருந்தில் ஏறித் தித்திகவேகாவுக்குப் போனாள். தமருவாவோடு கூடப் பிறந்தவர்களில் பயேரே ஒருவன்தான் மிச்சம். வீட்டுக்குப் பின்னால் தாரோ வயலில் முழங்கால் சேற்றில் நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தான். ஐம்பத்தொன்பது வயது, அண்ணனைவிட ஒரு தலை உயரம். வயிறு மட்டும் தனியாக முன்னால் போகும்.

"அண்ணி! சொல்லி அனுப்பியிருந்தா குளிச்சிருப்பேனே."

"உன்னைப் பார்க்க வரல. உன் கையெழுத்தைப் பார்க்க வந்தேன்."

"என் கையெழுத்தை நம்பிப் பொண்டாட்டியே ஆஸ்திரேலியா போயிட்டா. பேரப்பிள்ளைங்களைப் பார்த்துட்டு ஒரு மாசத்துல வர்றேன்னா. வருஷம் ரெண்டாச்சு." கரையேறி, வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினான். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தான். கிமியோரா அதில் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி. அரேமாக்கி போக்கினோ என்ற பெயரில் ஆடியவர் தமருவா போக்கினோதான் என்று உறுதி கூறுகிறேன்.

ரொம்ப நேரம் படித்தான். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"இதைப் போட்டா என்ன ஆகும் அண்ணி?"

"அவருக்கு அஞ்சாகும். புத்தகத்துல பேரு வரும்."

"போடலைன்னா?"

"வராது."

"பேனா குடுங்க." முழங்காலில் வைத்து, ஈரக் கையோடு, கிறுக்கினான். அவ்வளவுதான். காகிதத்தின் ஓரத்தில் சேற்று விரல் பட்டிருந்தது. வீட்டு நிழலுக்கு வந்து இளநீர் சீவிக் கொடுத்தான். தான் ஒன்று குடித்தான். நல்ல மழை பெய்திருக்கிறது, கிழங்கு அழுகாமல் இருக்கவேண்டும் என்றான். வேலை முடிந்திருந்தும் தெகூராவுக்கு எழுந்து போகத் தோன்றவில்லை.

"அந்த ரெண்டு கோலைப் பத்தி உன்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா? என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லை. நான் அப்போ மங்காயாவுல இருந்தேன்."

"என்ன இருக்கு சொல்றதுக்கு."

"ஏதாவது சொல்லு. எப்படி அடிச்சார்?"

பயேரே தேங்காயைக் கீழே வைத்தான். "முதலாவது ஒண்ணும் பெருசில்ல. அவங்க கோல்கீப்பர் கையிலேர்ந்து நழுவிச்சு, சும்மா தள்ளிவிட்டதுதான். ரெண்டாவதுதான் அழகு." அவனை அறியாமலே எழுந்து நின்றுவிட்டான். "வலது பக்கத்துலேர்ந்து பந்து உசரமா வருது. எல்லாரும் தலையை நீட்டுறாங்க. காத்து தள்ளி அது கீழ வருது. நான் காலை வைக்கப்போனா, முழங்கால்ல பட்டு," சேறு காய்ந்த தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினான், "நேரா மூலையில போய்..."

நிறுத்திவிட்டான்.

கோழி ஒன்று தேங்காய் ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. தெகூரா அவன் முழங்காலைப் பார்த்தாள்.

"உன் முழங்கால்ல."

"அண்ணி."

"உன் முழங்கால்லதானே பட்டுது?"

அவன் திரும்ப உட்கார்ந்தான். சட்டைப்பையில் சிகரெட்டைத் தேடினான், கிடைத்தும் பற்றவைக்கவில்லை.

"பேரு அண்ணனுக்குத்தான் குடுத்தாங்க," என்றான். "பெரியப்பா எழுந்து நின்னு சொன்னார். அண்ணன் எழுந்து ரோட்டுப் பக்கமா நடந்துபோயிட்டான். பேரு குடுத்து வாங்காம போனவனை அதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்லை.  சொன்ன பேரைத் திரும்ப எடுக்க முடியாது, அது அப்படியே நடுவுல நிக்குது. எனக்கு இருபத்தோரு வயசு. நான் போய்ப் பெரியப்பா முன்னாடி உட்கார்ந்தேன். எனக்குக் குடுங்கன்னேன்."

"ரெண்டு மாசம் கழிச்சு வெளிநாட்டுல மூணு வாரப் போட்டி."

"அண்ணன் பேருதான் அணியில இருந்துது. விமான நிலையம் வரைக்கும் வந்தான். பூமாலை எல்லாம் போட்டாச்சு. அங்க வச்சு பூட்ஸை என் கையில குடுத்தான். நீ போ, அளவு சரியாத்தான் இருக்கும்னான். சரியா இல்ல, கடிச்சுது. மேனேஜர் அவன் பேரை அடிச்சுட்டு என்ன பேருடான்னு கேட்டார். அரேமாக்கின்னேன். அதுதான் என் முதல் பயணம்."

"அப்போ அவர் எங்க இருந்தார்?"

"வீட்டுலதான்."

"அந்த மூணு வாரமும்?"

"ஓடு பதிச்சான்," என்றான் பயேரே. "ஊர்ல யாரோ குளியலறை கட்டி மிச்சமானது, நீலத்துல. அவனுக்கு அந்த வேலை தெரியாது. வச்சுப் பார்ப்பான், எடுப்பான், திரும்ப வைப்பான். பெரியப்பா வந்து நான் கட்டித் தர்றேண்டா, நகருடான்னாராம். கிட்ட விடலையாம். நாங்க திரும்பி வந்தப்போ பாதிதான் முடிஞ்சிருந்துது. நீங்க வர்றதுக்குள்ள எல்லாருக்கும் சொல்லி வச்சுட்டான். பெரியப்பா கட்டினதுன்னுதான் அண்ணிக்குச் சொல்லணும், அந்தப் பேரும் அவ காதுல விழக்கூடாதுன்னு. நானும் திரும்பப் பயேரேவாவே ஆயிட்டேன்."

 அந்தக் கல்லறையின் தெற்கு மூலையில் ஒரு ஓடு மேலே துருத்திக்கொண்டிருக்கும். துவைத்த துணி அதில் மாட்டிக் கிழியும். நாலு வீடும் ஒரு சர்ச்சும் கட்டிய மனுஷனுக்கு ஒரு ஓட்டை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையே என்று முப்பத்தெட்டு வருஷமாகப் பெரியப்பாவைத் திட்டியிருக்கிறாள். தமருவா காது கேட்காதவர் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

"உனக்கு நாலு," என்றாள் கடைசியில். "இந்த ரெண்டையும் சேர்த்தா ஆறு. உன் பேருதான் புத்தகத்துல வரணும்."

"எனக்கு எதுக்கு? என் தாரோ படிக்கப்போகுதா? கையெழுத்து போட்டாச்சு அண்ணி, அப்படியே கொண்டுபோய்க் குடுங்க. செத்தவனுக்கு அஞ்சு இருக்கட்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"இப்பதான் திறந்தே."

"அது முழங்கால் பேசினது."

அவள் சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்து நாலாக மடித்தாள்.

"அந்த ரெண்டையும் அவர் பேர்ல எழுதினா," என்றாள், "அந்த மூணு வாரம் அவர் வீட்டுல இல்லைன்னு ஆயிடும், தம்பி."

பயேரே தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. தெகூரா அவன் முதுகில் கையை வைத்தாள். வெயிலில் சூடாக இருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டதே, தனக்கு ஏன் வரவில்லை என்று மட்டும் யோசித்தாள். அது பொறாமையும் இல்லை. மழை அடுத்த ஊரில் பெய்வதைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

சாலைக்கு வந்ததும் முதலில் வந்த பேருந்தில் ஏறிவிட்டாள். அதுவும் இடமாகச் சுற்றுவதுதான்.

"அம்மா, உங்க வீடு அந்தப் பக்கம்ல?" என்றார் ஓட்டுநர். "இது மூரி, டவுன் எல்லாம் போய்ச் சுத்திட்டுத்தான் உங்க வீட்டுக்கு வரும்."

"வரட்டும்."

"வெள்ளைக்காரங்கதான் இப்படிக் காசு குடுத்துத் தீவைச் சுத்துவாங்க."

"நானும் பார்த்தது இல்லையே," என்றாள்.

ஜன்னல் வழியே கடலும் கல்லறைகளும் கோழிகளும் பின்னால் போயின. மங்காயாவில் இருந்தபோது அவர் எழுதிய கடிதங்களை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். எலுமிச்சை பூத்திருக்கிறது, அணி தோற்றுவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருக்கும். எங்கிருந்து எழுதுகிறேன் என்று எழுதவில்லை. அவள் தபால் முத்திரையைப் பார்க்கவில்லை. அந்த வருஷம் அவள் எதையுமே பார்க்கவில்லை. அவரிடம் அவளுக்கு அப்போது கோபம் இருந்தது. நான் படுத்துக் கிடக்கிறேன், இந்த மனுஷன் பந்தாடப் போய்விட்டாரே என்று. அதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லாமலே முப்பத்தெட்டு வருஷத்தில் அது தேய்ந்து காணாமல் போயிருந்தது. தேய்ந்துபோன கோபத்தைத் தேடி எடுத்து அது தப்பு என்று சொல்வதற்கு இப்போது ஆளும் இல்லை. டவுனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிக் கத்தினார்கள். அரோராங்கியில் இறங்கினாள்.

முற்றத்துக்கு வந்து தெற்கு மூலையில் குனிந்து பார்த்தாள். துருத்திய ஓட்டின் கீழே சிமெண்ட் அதிகமாகப் போட்டிருந்தது. அதன் ஓரத்தை வெட்டாமல் உடைத்திருந்தார். காய்ந்த துணிகளை எடுத்து மடித்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலை முழுக்க அந்தப் பழைய ஆட்டத்தின் பக்கத்தைத் தேடினாள். மூன்றாவது நோட்டில் இருந்தது. அணியின் பட்டியலில் பதினோராவது வரியில், அவர் கையெழுத்தில், அரேமாக்கி போக்கினோ. அந்த வரியில் ஒரு அடித்தலோ திருத்தலோ இல்லை. தம்பியின் பெயரோடு சேர்த்திருக்கலாம். சேர்த்தால் அந்த ஆட்டத்துக்குப் போனது அவர் இல்லை என்று ஒருநாள் அவளுக்குத் தெரிந்திருக்கும். தன் பெயரோடும் சேர்த்திருக்கலாம். நோட்டு அவர் கையில்தான் இருந்தது, கேட்பதற்கும் ஆளில்லை. இரண்டையும் செய்யாமல் அந்த ஆளை அவர் தனியாகவே விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கிமியோரா மடிக்கணினியோடு வந்தாள். தெகூரா மடித்த படிவத்தைக் கொடுக்கவில்லை. வெள்ளைத்தாளில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டதைக் கொடுத்தாள். கிமியோரா படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"இது அவரோட தம்பியா? தித்திகவேகாவுல இருக்காரே, அந்தக் குண்டு மாமாவா?"

"ஆமா."

"அப்போ இவருக்கு மூணுதான்."

"மூணுதான்."

"அம்மா." கிமியோரா குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. "மேலிடத்துல யாரும் சரிபார்க்கமாட்டாங்க. அவங்களுக்கு அரேமாக்கி யாருன்னே தெரியாது. நீங்க முதல்ல சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். எனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல."

"தெரியும்மா."

"பதினோரு நோட்டு எழுதியிருக்கார். எங்கயாவது ஒரு மூலையில அவர் பேரு வரவேண்டாமா?"

"தட்டு," என்றாள் தெகூரா. "பயேரே போக்கினோ. ஆறு."

கிமியோரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டினாள். அரேமாக்கியின் வரி திரையிலிருந்து மறைந்தது. பயேரேயின் பெயர் மேலே ஏறி ஐந்தாவது இடத்தில் நின்றது. தமருவா போக்கினோ கீழே, ஐந்துக்குக் குறைவானவர்களோடு, அச்சுக்குப் போகாத பக்கத்தில் இருந்தார். தெகூரா சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

"அம்மா, அந்த ஆட்டத்தோட பக்கத்தை ஒரு தடவை படிச்சுச் சொல்லிடுங்க, நான் திரையில ஒப்பிட்டுக்கறேன்," என்று கிமியோரா கூப்பிட்டாள். "கோல் அடிச்சவர் பேரை மாத்தியாச்சு. வேற ஏதாவது மாறுதா?"

தெகூரா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூன்றாவது நோட்டை எடுத்துப் பிடித்தாள். தேதி சரியாக இருந்தது. பார்வையாளர்கள் ஏறக்குறைய நானூறு. முடிவுக்கான கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"ஏழுக்கு ரெண்டு. தோல்வி."

"இங்கயும் அதேதான்," என்றாள் கிமியோரா.